‘நான் யார்?’ தாளைத் திருத்தியவர்களுக்கு

ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளுக்கு ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி கொடுக்கவும் மனநலக் கணக்கெடுப்பு நடத்தவும் வந்துபோகும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

பாம்பன் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பதினேழு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். உங்களில் ஒரு குழு போன வருடம் எங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தது. மூன்று மணி நேரம் இருந்தீர்கள். பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்தீர்கள், பாட வைத்தீர்கள், சிரிக்க வைத்தீர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியாக ஒரு தாள் கொடுத்தீர்கள். மேலே தடித்த எழுத்தில் ‘நான் யார்?’ கீழே பத்துக் கோடு. ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் ‘நான்’ என்று அச்சடித்திருந்தது. நிரப்பப் பத்து நிமிடம்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. பெரும்பாலான மாணவர்களிடம் தன்னடையாளம் தெளிவாக உருவாகவில்லையாம், சுயமதிப்பு குறைவாம். சில பெயர்களுக்கு நேரே ‘மனநல ஆலோசனை தேவை’ என்று டிக் அடித்திருந்தது. திருத்திய தாள்களும் கட்டாக வந்தன. அதில் ஒரு தாள் இப்போதும் என் மேசை டிராயரில் இருக்கிறது. அந்தப் பிள்ளை எழுதியது இவ்வளவுதான்:

‘நான் அந்தோணியார் கோயில் தெரு. நான் எங்க வீட்ல ரெண்டாவது. நான் அம்மா பாசிக்குப் போனா தம்பிக்கு அம்மா. நான் சோறு ஆக்குவேன் கொழம்பு அக்கா. நான் எங்க அப்பா போட்டுக்குப் போவாரு இப்ப யாழ்ப்பாணத்துல இருக்காரு.’

ஐந்தோடு நின்றுவிட்டது. மீதி ஐந்து கோட்டில் அச்சடித்த ‘நான்’ மட்டும் தனியாக நிற்கிறது. ஓரத்தில் உங்கள் சிவப்பு மை: ‘இது உன்னைப் பற்றி அல்ல.’ கடைசி வரிக்குப் பக்கத்தில் இன்னொரு குறிப்பு: ‘அங்கே என்ன வேலை பார்க்கிறார்?’

வேலை பார்க்கவில்லை. சிறையில் இருந்தார். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன விசைப்படகில் அவரும் ஒருவர். எங்கள் கரையில் ‘யாழ்ப்பாணத்துல இருக்காரு’ என்றால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். ‘எப்ப வாய்தாவாம்?’ என்றுதான் கேட்பார்கள்.

டிக் விழுந்த பெயர்களில் அந்தப் பிள்ளையும் உண்டு. மறுநாள் அம்மா வந்து நின்றது. பாசிக்கு, அதாவது கடலில் முங்கிப் பாசி எடுக்க, போய் வந்த கையோடு வந்திருக்கிறது. விரலில் சுற்றிய துணி இன்னும் ஈரம். “எம்புள்ளைக்கு மூளைல கோளாறா டீச்சர்?” இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், எங்கள் மாவட்டத்தில் சிரிக்க முடியாது. மனநலம் என்ற சொல் காதில் விழுந்ததும் பெரியவர்களுக்கு ஏர்வாடிதான் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் இறந்துபோனார்கள். அந்த ஊரும் இதே கடற்கரையில்தான் இருக்கிறது. நீங்கள் போட்ட ஒரு டிக், ஒரு தாயை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தாள் அந்தப் பிள்ளையைப் பற்றியதுதான். அவள் தன்னைப் பற்றித்தான் எழுதினாள், அதையும் துல்லியமாக எழுதினாள். உங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

இந்தப் பத்துக்கோட்டுத் தாள் எங்கிருந்து வந்தது என்று தேடிப்பார்த்தேன். 1954இல் அமெரிக்காவின் அயோவாவில் கூன், மெக்பார்ட்லண்ட் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் மாணவர்களுக்குக் கொடுத்தது. அதில் இருபது கோடு. நீங்கள் பாதியாக்கிவிட்டீர்கள், பரவாயில்லை. அவர்கள் பதில்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ‘நான் மகள்’, ‘நான் மாணவி’ என்று, கேட்பவர் மேலே விளக்கம் கேட்கத் தேவையில்லாத சமூக அடையாளங்கள் ஒரு வகை. ‘நான் மகிழ்ச்சியானவள்’, ‘நான் கெட்டிக்காரி’ என்பது இன்னொரு வகை. அந்த அமெரிக்க மாணவர்களே முதல் வகையைத்தான் முதலில் எழுதினார்கள். அது தீர்ந்த பிறகுதான் இரண்டாவது வகைக்குப் போனார்கள். தாளைச் செய்தவர்கள் முதல் வகையைக் குறை என்று எண்ணவில்லை. ஒருவர் தன்னைச் சமூகத்தில் எங்கே கட்டிப்போட்டிருக்கிறார் என்பதற்கான அடையாளமாக அதை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு எதிரே சிவப்பு மை வைத்தது யார் வழக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

இதே தாளை மாவும் ஷோனமனும் கென்யாவுக்குக் கொண்டுபோனார்கள். முடிவு வெளியானது 1997இல். சமூக உறவை வைத்துத் தன்னைச் சொன்ன வாக்கியங்கள் அமெரிக்க மாணவர்களிடம் 12 சதவீதம். ஆடு மாடு மேய்க்கும் மசாய், சம்புரு மக்களிடம் 80ஐத் தொட்டும் தாண்டியும் இருந்தது. அதே கென்யாவில் நைரோபி பல்கலைக்கழக மாணவர்களிடம் வெறும் 17. அதாவது அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில். ஒரே நாடுதான், ஆனால் நகரமும் கல்லூரிப் படிப்பும் ‘நான்’ என்பதை வேறு இடத்தில் நட்டுவிட்டன. இதில் யாருக்கு அடையாளம் இல்லை, சொல்லுங்கள்? மசாய் மக்களுக்கா?

மனிதர்களைப் பற்றி உளவியல் சொல்வதெல்லாம் யாரைப் பார்த்துச் சொன்னது என்று 2010இல் ஹென்ரிக், ஹைன், நோரன்சயன் மூவரும் ஒரு கணக்கை எடுத்துக் காட்டினார்கள். முன்னணி இதழ்களில் வந்த ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 96 சதவீதம் மேலைத் தொழில்நாட்டவர். அந்த நாடுகளில் வாழ்வது உலக மக்கள்தொகையில் 12 சதவீதம்தான். எங்கள் ஊர் ஏலத்தில் ஒரு கூடை நெத்திலியைப் பார்த்து வலைமடியில் விழுந்த மொத்த மீனுக்கும் விலை பேசுகிறவரை ‘புதுசா வந்த ஆளு’ என்பார்கள்.

மூளைக்குள்ளேயே இது தெரிகிறதா என்று பார்த்தவர்களும் உண்டு. நெற்றிக்கு நேர் பின்னால், முன்மூளையின் நடுப்பகுதியில் ஓர் இடம். ‘தைரியசாலி’ என்ற சொல்லைத் திரையில் காட்டி ‘இது உனக்குப் பொருந்துமா?’ என்று கேட்டால், அந்த இடத்தின் ரத்த ஓட்டம் ‘இது அதிபருக்குப் பொருந்துமா?’ என்று கேட்கும்போது இருப்பதைவிட வேறுபடும். 2002இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கண்டது இது. 2007இல் பெய்ஜிங்கில் ஷிஹுய் ஹானும் கூட்டாளிகளும் இதில் ஒரு ஆளைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். ‘இது உன் அம்மாவுக்குப் பொருந்துமா?’ மேலை நாட்டவர்களிடம் அந்த இடம் தன்னைப் பற்றிக் கேட்டபோது மட்டும் எழுந்தது. சீன மாணவர்களிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டபோதும் எழுந்தது. மகளும் அம்மாவும் ஒரே மனையில் குடியிருப்பது மாதிரி.

‘நான் அம்மா பாசிக்குப் போனா தம்பிக்கு அம்மா.’ மூன்றாவது வரி. இதைத்தான் ‘உன்னைப் பற்றி அல்ல’ என்று அடித்தீர்கள்.

உடனே பெய்ஜிங்கைத் தூக்கிக்கொண்டு வந்து பாம்பனில் இறக்குகிறேன் என்று எண்ணவேண்டாம். அந்த ஆய்வில் இரு பக்கமும் சேர்த்து முப்பது பேர்கூட இல்லை. ரத்த ஓட்டம் வேறு, எண்ணம் வேறு. கிழக்கு என்றால் ‘நாங்கள்’, மேற்கு என்றால் ‘நான்’ என்று உலகத்தை ரெண்டு கூறு போடுவதும் சோம்பேறித்தனம்தான். மூளை என்ற சொல் வந்துவிட்டால் எல்லாம் நிரூபணம் ஆகிவிட்டது போல ஒரு மயக்கம் வருகிறதே, அது எனக்கும் வந்தது. ஆனால் ஒன்று மட்டும் நிற்கிறது: ‘நான்’ எங்கே முடிகிறது என்பதற்கு உலகம் முழுக்க ஒரே வேலி இல்லை.

எங்கள் வேலி எங்கே என்று மொழியைக் கேட்டால் தெரியும். இங்கிலீஷில் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் இரண்டு: நாம், நாங்கள். பேசுபவர் ஒவ்வொரு தடவையும் எதிரே நிற்பவர் உள்ளேயா வெளியேயா என்று தீர்மானித்துவிட்டுத்தான் வாயைத் திறக்க முடியும். இரண்டு வயதுக் குழந்தை இதைப் பழகிவிடுகிறது. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவனும் ‘எங்க அம்மா’ என்றுதான் சொல்வான். ‘என் அம்மா’ என்றால் சொத்துத் தகராறு போலக் காதில் விழும். அவ்வளவு ஏன், ‘எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போயிருக்காரு’ என்று ஒருத்தி சொல்கிறாள். எத்தனை பேருக்கு வீட்டுக்காரர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பெயரைப் பாருங்கள். எங்கள் பிள்ளை தன் பெயரை எழுதத் தொடங்கும்போது முதலில் விழுவது அப்பாவின் எழுத்து, பிறகுதான் அவள். பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதியை விடச்சொல்லி 1929இல் செங்கல்பட்டு மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். சுயமரியாதை மாநாடு என்று அதற்குப் பெயர். தமிழ்நாட்டில் ‘சுய’ என்று தொடங்கும் சொற்களிலேயே பெரிய சொல் அது. அந்தச் சுயம் தனி ஒரு ஆளுடையது அல்ல, ஊர்க்கோடியில் நிறுத்தப்பட்ட எல்லோருடையதும். சுயமதிப்பு பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்கும் முன் இதை ஒரு தடவை நினைத்துப்பார்த்திருக்கலாம்.

அன்றைக்கு நீங்கள் ஒரு விளையாட்டும் வைத்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ‘இடப்பக்கம் ரெண்டு அடி, வலப்பக்கம் மூணு அடி.’ பாதிப் பேர் முட்டிக்கொண்டார்கள். ‘திசை உணர்வு குறைவு’ என்று ஒரு மேடம் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பிள்ளைகள் பெஞ்சில் இடம் கேட்கும்போதே ‘கெழக்கால தள்ளி ஒக்காரு’ என்பார்கள். அப்பன்மார் கடலுக்கு நடுவில் வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று காற்றின் பெயரைச் சொல்லி வள்ளத்தைத் திருப்புகிறவர்கள். இடது வலது என்றால் என் உடம்புதான் நடு. நான் திரும்பினால் உலகமும் கூடவே திரும்பும். கிழக்கு மேற்கு என்றால் உலகம் அப்படியே நிற்கும், அதற்குள் நான் எங்கே நிற்கிறேன் என்பதுதான் கணக்கு. எரிக் பீடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டிலேயே இதை ஆராய்ந்து 1995இல் எழுதியிருக்கிறார்: கிராமத்தார் திசையை வைத்துச் சொல்கிறார்கள், நகரத்தார் இடது வலதை வைத்துச் சொல்கிறார்கள், பொருள் இருந்த இடத்தை நினைவில் வைப்பதிலும் அந்த வேறுபாட்டின் சாயல் இருக்கிறது. ‘கச்சான் பக்கம் ரெண்டு அடி’ என்று சொல்லியிருந்தால் ஒரு பிள்ளையும் முட்டியிருக்காது.

மீன்தொட்டி ஆய்வு ஒன்று இருக்கிறது, எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். 2001இல் மசுதாவும் நிஸ்பட்டும் தண்ணீருக்குள் மீன்கள் நீந்தும் படக்காட்சியை ஜப்பானியருக்கும் அமெரிக்கருக்கும் காட்டி, பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள். அமெரிக்கர்கள் முன்னால் போன பெரிய மீனில் தொடங்கினார்கள். ஜப்பானியர் பலர் ‘குளம் மாதிரி இருந்தது’ என்று தண்ணீரில் தொடங்கினார்கள். அதே மீனை வேறு பின்னணியில் காட்டியபோது அடையாளம் காண அவர்கள் கொஞ்சம் திணறவும் செய்தார்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு. எங்கள் கரையில் ‘மீன் பட்டுச்சா?’ என்று கேட்டுப்பாருங்கள். தண்ணி கலங்கலா தெளிவா, ஓட்டம் எந்தப் பக்கம், காத்து என்ன, பக்கத்தில் யார் வலை இருந்தது எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் மீன் வரும்.

தொழில் இதில் எவ்வளவு என்று பார்க்கத் துருக்கியின் கருங்கடல் ஓரத்துக்குப் போனார்கள் அய்சே உஸ்குலும் உடன் இருந்தவர்களும். 2008இல் வந்தது அந்த ஆய்வு. ஒரே நாடு, ஒரே மொழி. விவசாயி, மீனவர், மேய்ச்சல்காரர் என்று தொழில் மட்டும் வேறு. மேய்ச்சல்காரர்கள் பொருளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். விவசாயிகளும் மீனவர்களும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார்கள். மந்தையைத் தனி ஆள் ஓட்டிவிடலாம், வலையைத் தனி ஆள் இழுக்க முடியாது. என் வகுப்பில் ‘மீன், கோழி, வலை, இதில் எது எதோடு சேரும்?’ என்று கேட்டேன். ‘மீனும் வலையும்’ என்று ஒரே கூச்சல். உயிருள்ளவை என்று மீனையும் கோழியையும் சேர்க்கவேண்டும் என்கிறது வழிகாட்டி நூல். மதிப்பெண் போடும்போது எனக்குக் கை வரவில்லை.

என் அம்மாவும் பாசி எடுத்தவர்தான். லீவு நாளில் வத்தையில் என்னையும் ஏற்றிக்கொள்வார். தீவு ஓரம் எட்டு, பத்துப் பெண்கள் மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் பாசியைப் பிய்த்து, மேலே வந்து ‘உஸ்ஸ்’ என்று மூச்சு விடுவார்கள். அந்தச் சத்தத்தை வைத்தே யார் என்று சொல்லிவிடலாம். திரும்பும் முன் அம்மா தலை எண்ணும். ஆற்றைக் கடந்த குருவும் சீடர்களும் தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒரு ஆள் குறைகிறதென்று அழுத கதை நமக்கெல்லாம் தெரியுமே. அம்மா அப்படி எண்ணாது. முதலில் தன் நெஞ்சைத் தொட்டு ‘ஒண்ணு’ என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த தலைக்குப் போகும். ‘நாங்கள்’ என்று சொல்கிறவர்களுக்கு ‘நான்’ இல்லை என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் கைதான் கண்ணில் வரும்.

இத்தனை பேசிய பிறகு உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்லாவிட்டால் நான் பாதியை மறைத்தவளாவேன். என் அக்காவுக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். ‘ஒனக்கு என்னடி தோணுது?’ என்று மாமா கேட்டார். அக்கா அம்மாவைப் பார்த்தது. ‘ஒங்க இஷ்டம் மாமா’ என்றது. அதோடு முடிந்தது. இப்போது அதற்கு ஐம்பது வயது. ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் ‘வேணாம்னுட்டோம்’ என்கிறது. ‘வேணாம்னுட்டாங்க’ என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ‘வேணாம்னுட்டேன்’ என்றும் சொன்னதில்லை. அந்த ‘ஓம்’ விகுதிக்குள் ஒரு முழு வாழ்க்கை கிடக்கிறது. அதனால் ‘நாங்கள்’ என்றதும் எனக்குக் கண்ணில் நீர் முட்டுவதில்லை. அது தாங்கவும் செய்யும், அமுக்கவும் செய்யும். கடனும் பங்குதான், பழியும் பங்குதான். பெண் பிள்ளைக்கு அமுக்குவது கொஞ்சம் கூடவே இருக்கும்.

ஆகவே வராதீர்கள் என்று எழுதவில்லை. ‘எனக்கு’ என்று தொடங்கி ஒரு வாக்கியத்தைச் சபையில் முடிக்க எங்கள் பெண் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள், புண்ணியமாகப் போகும். அதற்காக ‘நாங்க’வைக் களையெடுக்கத் தேவையில்லை. ஹாங்காங்கில் இரண்டு பண்பாட்டிலும் வளர்ந்தவர்களை வைத்து 2010இல் ஓர் ஆய்வு வந்தது. சீன அடையாளப் படங்களைக் காட்டிவிட்டுக் கேட்டால், மூளையில் தனக்கும் அம்மாவுக்கும் இடையிலான வேறுபாடு குறைகிறது. மேலை நாட்டுப் படங்களைக் காட்டிவிட்டுக் கேட்டால் கூடுகிறது. ஆள் அதே ஆள்தான். எங்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. எங்களுக்கு வடக்கிலும் கடல், தெற்கிலும் கடல். வடகடல் கொந்தளித்தால் வள்ளத்தைத் தென்கடலுக்குக் கொண்டுபோகிறவர்கள் நாங்கள். இன்டர்வியூ அறையில் எந்தக் கடல், வீட்டு முற்றத்தில் எந்தக் கடல் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

தாளை மாற்றுங்கள். பத்தில் ஐந்து கோட்டை ‘நாங்க’ என்றும் ‘எங்க வீட்ல’ என்றும் தொடங்கி வையுங்கள். இரண்டு கோட்டில் எதுவும் அச்சடிக்காமல் விடுங்கள். ‘நான்தான் வகுப்பிலேயே சிறந்தவன்’ என்று எழுதாத பிள்ளையைத் தாழ்வு மனப்பான்மைக்காரன் ஆக்கிவிடாதீர்கள். இங்கே அப்படிச் சொன்னால் ஆத்தா உடனே உப்பும் மிளகாயும் சுற்றிப்போடும். எழுதியதைப் படித்துக்காட்டி ‘சரியா?’ என்று பிள்ளையிடமே கேளுங்கள். ‘யாழ்ப்பாணத்துல இருக்காரு’ என்றால் என்ன என்று பக்கத்தில் நிற்கும் டீச்சரிடம் கேட்டால் குறைந்துபோக மாட்டீர்கள். ஆலோசனை தேவைப்படும் பிள்ளைகள் இங்கே நிறையவே உண்டு. கடலில் அப்பாவைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள், விடிய விடியத் தூங்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட உங்கள் டிக் பட்டியலில் இல்லை. ‘நான்’ என்று பத்தும் எழுதி நிரப்பியிருந்தார்கள்.

அறிக்கையில் அந்தப் பெயர்களுக்கு நேரே இருக்கும் டிக்கை அழித்து, திருத்திய பிரதி ஒன்றைத் தலைமையாசிரியருக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அம்மாக்களுக்குக் காட்டவேண்டும், வாய்ப்பேச்சாகச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அடுத்த தடவை வருவதாக இருந்தால் ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வாரத்திலேயே வந்துவிடுங்கள். ஏப்ரல் 15இல் தொடங்கும் தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கும். விசைப்படகுக்குப் போகும் அப்பாமார் அதுவரை கரையில்தான் இருப்பார்கள், வலை பின்னிக்கொண்டே உங்களோடு பேசுவார்கள். 15க்குப் பிறகு வந்தால் யாரையும் பிடிக்க முடியாது.

அந்தப் பிள்ளையின் அப்பா வந்துவிட்டார். போட்டு இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
கடலோரப் பள்ளி ஆசிரியை ஒருத்தி